பார்க்காமல் விட்ட கோபுரம்

ஒரு பித்தானுக்காகத்தான் அவரோடு எனக்கு முதல் சண்டை வந்தது.

என் முழுக்கைச் சட்டையில் முன்பக்கம் ஏழு பித்தான்கள். நான்காவது எங்கோ விழுந்துவிட்டது. பழுப்பு நிறத்தில் ஓரம் மட்டும் கறுத்த பித்தான். ஊரில் ஆறு கடை ஏறி இறங்கிவிட்டு, ஏழாவதாக, நேரு வீதியிலிருந்து திரும்பும் ஒரு சந்தில் இருந்த அவருடைய தையல் சாமான் கடைக்குப் போனேன். சட்டையை ஒரு முறை பார்த்தார். எழுந்து மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே அதே பித்தான், ஒன்றே ஒன்று கிடந்தது.

“இருக்கு சார். ஆனா தரமுடியாது.”

“ஏன்?”

“கடைசி.”

“எனக்கு வேண்டியதும் ஒண்ணுதானே.”

“கடைசியக் குடுத்துட்டா பெட்டி காலி சார். காலிப் பெட்டிய நம்பி எந்தச் சரக்கு வரும்?”

“பித்தானுக்குக் கண்ணா இருக்குது, பெட்டியப் பாத்துட்டு வர்றதுக்கு?”

“நாலு கண்ணு சார். எண்ணிப் பாருங்க.”

எண்ணினேன். நாலுதான் இருந்தது. கோபம் இன்னும் அதிகமானது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் வேறொரு பெட்டியிலிருந்து ஒரே மாதிரியான ஏழு பித்தான்களை எடுத்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, பழைய ஆறையும் பிரித்துவிட்டுப் புதிய ஏழையும் தானே தைத்துக் கொடுத்தார். அரை மணி நேரம் பனியனோடு அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் துறையில் வேலை பார்த்த இரண்டு பேர் அந்த வழியாகப் போனார்கள். இரண்டு பேரும் நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்படித் தொடங்கியது எங்கள் பழக்கம். அவர் என்னை சார் என்பார், நான் அவரைப் பாய் என்பேன். பெயர் தெரியாமலா இத்தனை வருடம் பழகினேன் என்று கேட்க வேண்டாம். தெரியும். இங்கே அது தேவையில்லை. ஒல்லியான, உயரமான மனிதர். தையற்காரர் இல்லை என்றாலும் கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். மூக்குக் கண்ணாடி நெற்றியில் ஏறி உட்கார்ந்திருக்கும். லேஸைத் ‘தாந்தேல்’ என்று பிரெஞ்சில் கேட்கும், பிரெஞ்சுப் பட்டாளப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டு அம்மாக்கள், ஜிப்பை மட்டும் மாற்ற வரும் கல்லூரிப் பெண்கள், யாரானாலும் முதலில் ஸ்டூலை இழுத்துப் போடுவார்.

கடைசி ஒன்றை விற்காத பழக்கம் எங்கள் ஊர் வியாபாரிகள் பலருக்கும் உண்டு. அரிசிக் கடையில் சாக்கை அடி வரை உதறமாட்டார்கள். பூக்கடையில் ஒரு முழமாவது கூடையில் கிடக்க வேண்டும். ஆனால் அவர்கள் கதவைச் சாத்தியதும் அந்தப் பழக்கத்தைக் கடைக்குள்ளேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பாய் மட்டும் அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார். போன இடத்திலெல்லாம் ஏதாவது ஒன்றை மிச்சம் வைத்தார்.

சினிமாவுக்குப் போனால் கடைசிப் பத்து நிமிடம் பார்க்கமாட்டார். எழுந்து வந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார். “முடிவு இன்னான்னு தெரியாம எப்படி பாய் தூங்குறீங்க?” என்று கேட்டேன். “தெரிஞ்சிட்டாதான் சார் தூக்கம் வராது” என்றார். காலையில் இரண்டு பேரும் பீச் ரோட்டில் நடப்போம். சாலை முடிவதற்குக் கொஞ்சம் முன்பே அவர் திரும்பிவிடுவார். நான் மட்டும் கடைசி வரை போய், சுவரைத் தொட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து அவரைப் பிடிப்பேன். செஞ்சிக்கு ஒரு தடவை போனோம். ராஜா கோட்டையை மேல் வரை ஏறியவர், ராணிக் கோட்டையைக் கீழிருந்து பார்த்துச் சிரித்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

“ரெண்டுல ஒண்ணு பாத்தா அது பாத்ததா பாய்?”

“அடுத்த தடவைக்கு ஒண்ணு வேணாமா சார்?”

“அடுத்த தடவை வருவீங்கன்னு யாரு சொன்னா?”

“அந்தக் கோட்ட கூப்பிடும் சார். பாத்துட்டா எதுக்குக் கூப்பிடப் போவுது?”

எனக்கு இது ஆகாது. பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருடம் எஸ்டிமேட் போட்டவன் நான். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் ஜன்னல்களை எண்ணாமல் வெளியே வரத் தெரியாது. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் தூங்கிவிட்டார். பள்ளிவாசலில் அவரோடு தொழும் ஒரு பெரியவர், “இதெல்லாம் நம்ம மார்க்கத்துல இல்லியே” என்று சொன்னாராம். “மார்க்கத்துல இல்ல, கடையில இருக்கு” என்று பதில் சொல்லியிருக்கிறார்.

எதிலும் மிச்சம் வைக்கிற மனிதரிடம் ஒரு தைரியம் இருந்தது. நாளை என்பது அவருக்கு அடுத்த தெரு மாதிரி. நானோ மாத்திரைப் பெட்டியை ராத்திரி ஒரு தடவை, விடிந்து ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறவன். அந்தத் தைரியத்தைத் திட்டுவதற்காகவே தினமும் அவரோடு நடந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எட்டு வருடத்துக்கு முன்பு அவருக்கு இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது தெரிந்தது. இரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார் டாக்டர். அதற்கு முன்பே நாங்கள் இரண்டு தம்பதிகளும் அஜர்பைஜான் நாட்டுக்கு ஒரு டூருக்குப் பதிவு செய்திருந்தோம். தலைநகரத்தின் பெயர் பாக்கு என்றதும் என் மனைவி, “வெத்தல எந்த நாட்டுல இருக்குது?” என்று கேட்டாள். டாக்டர் பயணத்துக்குத் தடை சொல்லவில்லை. மாடி ஏறினால் நின்று நின்று ஏறச் சொன்னார். “போய்ட்டு வந்ததும் ஆபரேஷன் சார், தேதி வாங்கிட்டேன்” என்றார் பாய். அவருடைய அண்ணன் அதற்குப் பத்து மாதம் முன்புதான் இதே மாதிரி ஆபரேஷனுக்குப் போய் இறந்திருந்தார். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். அதனால் பாய் பயந்துபோய்விடுவாரோ என்று கவலைப்பட்டேன். அவர் முகத்தில் பயம் தெரியவில்லை.

விமானத்திலேயே ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். முன் சீட்டின் முதுகில் இருந்த சின்னத் திரையில் பாய் ஒரு படத்தை முடிவு வரை பார்த்தார். பாக்கு நகரத்தில் முதல் நாள் கோட்டைக்குள் இருக்கும் பழைய கோபுரத்தின் உச்சி வரை, நின்று நின்று, ஏறினார். இரண்டாம் நாள் கம்பள மியூசியத்தில் ஒரு அறையைக்கூட விடவில்லை; பூட்டியிருந்த ஓர் அறையில் என்ன இருக்கிறது என்றுகூட வழிகாட்டிப் பெண்ணிடம் என்னைக் கேட்கச் சொன்னார். மூன்றாம் நாள் மலைச் சரிவில் தானாக எரியும் நெருப்பை இரண்டு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“இப்பத்தான் பாய் நீங்க மனுஷன்” என்றேன். “இத்தன வருஷம் சொன்னேன், கேட்டீங்களா?”

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கித் துடைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் காலை, ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். பாய் இன்னும் அறையிலிருந்து வரவில்லை. பாய் வீட்டம்மா தட்டில் எதையும் எடுத்துக்கொள்ளாமல் எங்கள் மேஜைக்கு வந்தார். அதிகம் பேசாத அம்மா.

“சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆபரேஷன் வாணாம்னுட்டாரு.”

“தேதி வாங்கிட்டேன்னாரே?”

“தேதியே கேக்கல சார். உங்ககிட்ட சும்மா சொன்னாரு. பையன்கிட்டயும் முடியாதுன்னுட்டாரு.” என் மனைவியின் பக்கம் திரும்பினார். “கடையில இருக்கற பெட்டியெல்லாம் காலி பண்ணிட்டாரு தங்கச்சி. கிளம்பறதுக்கு முன்னாடி பத்து நாளா கடைசிப் பித்தான், கடைசி ஜிப்பு, எவங்க கேட்டாலும் எடுத்து எடுத்துக் குடுத்தாரு. இருவது வருஷமா ரோலோட அடியில கிடந்த ஒரு முழம் லேஸு, அத கூட வழிச்சிக் குடுத்துட்டாரு. நானும் இன்னாங்க இதுன்னு கேட்டேன். எல்லாம் முடிஞ்சிடட்டும்னாரு.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். என் தட்டில் பாதி முட்டை இருந்தது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக நான் எதைப் பாராட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

“நீங்க சொன்னா கேப்பாரு சார்” என்றார் அந்த அம்மா. இத்தனை வருடத்தில் நான் சொல்லி அவர் கேட்டது ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

அன்றைக்குப் போக வேண்டிய இடம் மர்தகான். பாக்குவிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலோரமாக இருக்கும் சிறிய ஊர். அங்கே பல நூறு வருடத்துக் கோபுரங்கள் இரண்டு இருப்பதாக வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள். ஒன்று வட்டம், ஒன்று சதுரம். எதிரிகளின் வரவைப் பார்க்கவும், வந்துவிட்டால் உள்ளே ஒளிந்துகொள்ளவும் கட்டியவை. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

“ரெண்டையும் பாத்துடலாம் சார். ஒண்ணையும் விட வாணாம்” என்றார் காரின் முன் சீட்டிலிருந்த பாய். பின் சீட்டில் அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வட்டக் கோபுரம் ஓட்டு வீடுகளுக்கும் மரங்களுக்கும் நடுவே, மதில் சூழ நின்றது. வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக்கல். சுவரின் கனத்துக்குள்ளேயே படிகளை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஓர் ஆள் மட்டுமே ஏறக்கூடிய வழி. பெண்கள் இருவரும் கீழேயே நின்றுவிட்டார்கள். பாய் முன்னால் ஏற, நான் பின்னால் ஏறினேன். படிகளை நான் எண்ணவில்லை. அவர் சுவரில் கைவைத்து நின்ற இடங்களை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

உச்சியில் காற்று வீசியது. தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது.

“நம்ம ஊரு மாதிரியே இருக்குது சார், கடலும் மரமும்.”

“நம்ம ஊர்ல கடல் கிழக்க. இங்க வடக்க.”

“நீங்க இல்லன்னா எனக்கு யாரு சார் இதெல்லாம் சொல்லுவா” என்றார். வழக்கமான கேலிதான். குரலில் மட்டும் கேலி இல்லை.

சதுரக் கோபுரம் அங்கிருந்து கொஞ்ச நடை. இதைவிட உயரம், ஐந்து அடுக்கு. வாசலிலிருந்து பார்த்தாலே முற்றத்துப் பாறையில் வெட்டிய குழிகளின் வாய்கள் தெரிந்தன. உள்ளே அடைபட்டுக் கிடக்கும் நாட்களுக்காகத் தானியம் போட்டு வைக்கும் குழிகள் என்றாள் அந்தப் பெண். பாய் என்னிடம் கை நீட்டினார். நுழைவுச் சீட்டுகளை வைத்துக்கொள்வது எப்போதும் என் வேலை.

நான் வாசலோரம் இருந்த கல்லில் உட்கார்ந்தேன்.

“முட்டி வலிக்குது பாய்.”

“அப்ப நீங்க உக்காருங்க. நாங்க பாத்துட்டு வந்துடறோம். சீட்டக் குடுங்க.”

“தரமாட்டேன்.”

சீட்டு தொலைந்துவிட்டதோ என்று நினைத்த அந்தப் பெண், வேறு வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். நான் ஆங்கிலத்தில் வேண்டாம் என்றேன். பாய் தமிழில், “வாங்கிட்டு வாம்மா” என்றார். அவளுக்குப் புரிந்த மொழியில் பேசியவன் நான் என்பதால் அவள் நகரவில்லை.

“இன்னா சார் இது, சின்னப் புள்ளயாட்டம்.”

“இத விட்டுட்டு வாங்க பாய்.”

“யாரு, நீங்களா சொல்றீங்க? செஞ்சியில வழி பூரா என் உசுர எடுத்தது யாரு?”

“நான்தான். அப்ப நீங்க ஆபரேஷன் வாணாம்னு சொல்லல.”

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாய் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எங்கண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பன அன்னைக்கி நானும் அந்த வீட்லதான் இருந்தேன் சார். பாதி டீ குடிச்சாரு. மிச்சம் அப்படியே இருக்கட்டும், வந்து குடிக்கிறேன்னு ஜன்னல்ல வெச்சிட்டுப் போனாரு. அவருக்கும் என் பழக்கம்தான். எங்க அத்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் கத்துக்குடுத்தாரு.” கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “அவரு வரல. அந்தக் கிளாஸ யாரும் தொடல சார். அண்ணி தொடல, பசங்க தொடல. ஜன்னலத் தாண்டிப் போறவங்க அந்தப் பக்கம் பாக்காமயே போவாங்க. எட்டாம் நாள் நான்தான் எடுத்துக் கழுவனேன். கடையில இத்தன வருஷம் எதையெதையோ தூக்கியிருக்கேன். அவ்ளோ கனமா ஒண்ணத் தூக்கனதில்ல.”

கையிலிருந்த சீட்டுகளைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

“மிச்சம் வெக்கறவன் பாட்டுக்குப் போயிடறான் சார். கழுவறவன் கதி இன்னா? அதான், எனக்குப் பின்னாடி யாரும் எதையும் கழுவ வாணாம்னு ஒண்ணொண்ணா முடிச்சிட்டு வரேன். ஆபரேஷன்னு போயி பாதியில நிக்கறதுக்கு, முழுசா இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்.”

ஆபரேஷன் செய்தவர்களில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று டாக்டர் சொன்ன கணக்கு எனக்கு மனப்பாடம். அண்ணனைப் பறிகொடுத்தவரிடம் அதைச் சொல்ல முடியாது. வேறு எது சொல்லலாம் என்று தேடியபோது என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

“நான் கழுவறேன்” என்றேன்.

“இன்னாது?”

“நீங்க இத விட்டுட்டு வாங்க. நீங்க வரமுடியாமப் போச்சின்னா, நான் வந்து அஞ்சு மாடியும் ஏறிப் பாத்து முடிச்சிடறேன். உங்க வீட்டம்மாவோ பையனோ தொடவேணாம். நீங்க எத மிச்சம் வெச்சாலும் அத முடிக்கிறது என் வேல. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே பாய்.”

அவர் குனிந்து என் முட்டியைப் பார்த்தார்.

“உங்க முட்டிக்கு அஞ்சு மாடியா?”

“முட்டி வலி பொய்.”

“தெரியும் சார். உங்களுக்கு வலி எடது கால்ல. உக்காந்தப்ப வலது காலப் புடிச்சீங்க.”

என் மனைவி சிரித்துவிட்டாள். பாயும் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் குழிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

“அந்தப் பொண்ணக் கேளுங்க சார். கடைசியா அந்தக் குழியில எவ்ளோ தானியம் மிச்சம் இருந்துச்சாம்?”

கேட்டேன். அது யாருக்கும் தெரியாது என்றாள்.

“நல்லது” என்று எழுந்து கைலியைத் தட்டினார். வெளிநாட்டிலும் அவர் கைலிதான். அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே, “அடுத்த தடவ வரோம்மா, இன்ஷா அல்லா” என்றார். பிறகு மனைவியிடம், “பையனுக்குப் போன் போட்டு டாக்டர்கிட்ட தேதி…” என்று தொடங்கினார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா போனைக் காதில் வைத்திருந்தார்.

அந்த மாதக் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு ஏழு வருடம் கடைக்கு வந்தார், நடந்தார், என்னிடம் திட்டு வாங்கினார். மர்தகானுக்கு மட்டும் போக அமையவில்லை. ஒவ்வொரு வருடமும் போகலாம் என்பார். ஒவ்வொரு வருடமும் அவர் பாதி பார்த்து வைத்த வேறோர் ஊர் குறுக்கே வரும். போன மழைக்காலத்தில் ஒரு மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

எனக்கு விசா வந்துவிட்டது. இந்த வயதில் தனியாகப் போய் ஐந்து மாடி ஏற வேண்டுமா என்று மகள் தினமும் போனில் கேட்கிறாள். என் மனைவி கேட்கவில்லை; பெட்டியில் ஸ்வெட்டரை எடுத்து வைத்துவிட்டாள். நேற்று பாய் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா டீ கொடுத்தார். கூட வருகிறீர்களா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

“நீங்க போய்ட்டு வாங்க சார். முடிச்சிட்டு வரேன்னு அவருகிட்ட சொன்னது நீங்க.”

“போட்டோ எடுத்துக்கிட்டு வரேம்மா. உள்ள எப்படி இருக்குதுன்னு வந்து சொல்றேன்.”

“வாணாம் சார்” என்றார். “எங்கிட்ட சொல்லிடாதீங்க.”